மூளைக்குள் வைக்கும் கருவிகள்: செருப்பு மாட்டும் நேரத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில், காது கேளாதவர்களுக்கு உட்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வைக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பழக்குவது என் தொழில். பெற்றோர் இதை "ஏ.வி.டி. கிளாஸ்" என்பார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பேருந்தேறி வருகிறவர்கள், வகுப்பு முடிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரத்தில்தான் மனத்தில் இருப்பதைக் கேட்பார்கள். முன்பெல்லாம் "எப்போது அம்மா என்று கூப்பிடுவான்?" என்பது ஒன்றுதான் கேள்வி. இப்போது கைப்பேசியில் பார்த்த காணொளியைக் காட்டி, "மூளையில் சிப் வைத்தால் நினைத்தது நடக்குமாமே, படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் அப்பாவுக்கு வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். செருப்பு மாட்டும் நேரத்துக்குள் அடங்கும் பதில் இல்லை என்பதால் எழுதி வைத்தேன். நான் மருத்துவர் அல்லேன். ஆனால் நரம்போடு மின்சாரத்தால் பேசும் ஒரு கருவியை நாள்தோறும் கையில் எடுத்துத் துடைத்து மாட்டிவிடுகிறவன் என்ற முறையில் சொல்லத் தக்கவை சில உண்டு.

சிப், சிப் என்கிறார்களே, உண்மையில் மூளைக்குள் எதை வைக்கிறார்கள்?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும்போது ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்கு ஒரு மின்துடிப்பு எழுந்து அடங்குகிறது. அந்தத் துடிப்பை அருகிலிருந்து பிடிக்கும் நுண்ணிய உலோக முனைகளைத்தான் வைக்கிறார்கள். நீண்ட நாளாக ஆய்வுகளில் பயன்பட்டுவரும் "யூட்டா" மின்முனைத் தகடு நான்கு மில்லிமீட்டர்ச் சதுரம், அதாவது ஒரு மிளகு அளவுதான். அதன் அடிப்பக்கத்தில் சீப்புப் பல்லைப் போல நூறு ஊசிகள் நிற்கும், ஒவ்வொன்றின் நீளமும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். நியூராலிங்க் நிறுவனத்தின் கருவி ஐந்து ரூபாய் நாணய அகலத்தில் மண்டையோட்டில் பதிந்திருக்க, அதிலிருந்து 64 மெல்லிய இழைகள் மூளைக்குள் இறங்குகின்றன. அவற்றில் 1,024 மின்முனைகள் உள்ளன. முடியைவிட மெல்லிய அந்த இழைகளைக் கையால் தைக்க முடியாது என்பதால் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்கள். சிங்க்ரான் என்ற நிறுவனம் மண்டையைத் திறப்பதே இல்லை. இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைப்பதைப் போல, கழுத்துச் சிரை வழியாக ஒரு வலைக்குழலை மேலே செலுத்தி, மூளையின் உச்சியில் ஓடும் பெரிய சிரையில் நிறுத்திவிடுகிறது.

காணொளிகளில் இந்த உள்கருவியை மட்டுமே காட்டுகிறார்கள். துடிப்புகளைப் பெற்று "இவர் சுட்டியை வலப்பக்கம் நகர்த்த முயல்கிறார்" என்று பொருள் சொல்லும் கணினி நிரல் வெளியேதான் இருக்கிறது; அது இல்லாமல் உள்ளே இருப்பது வெறும் உலோகம்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் மகளுக்குத் தலையில் வயர் ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் தூரத்து உறவு. மனித மூளையின் மின்னலைகளை மண்டைக்கு வெளியிலிருந்து முதன்முதலில் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. இ.இ.ஜி.க்கு வரும்போது தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள் அல்லவா? வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் எண்ணும் சமிக்ஞை அது. நடுவில் தேங்காய் எண்ணெய்ப் படலம் இருந்தாலே கலங்கிவிடும். எண்ணெயே அப்படி மறைக்குமானால் தோலும் எலும்பும் எவ்வளவு மறைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் நின்றால் கூட்டத்தின் இரைச்சல் எப்போது உயர்ந்தது, எப்போது தணிந்தது என்பது தெரியும். அதை வைத்து அழகர் வந்துவிட்டார் என்றுகூடச் சொல்லிவிடலாம். கீழே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பவர் தம் மனைவியிடம் என்ன சொன்னார் என்பது தெரிய வேண்டுமானால் இறங்கிப் பக்கத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். வலிப்பு நோயைக் கண்டறிய மாடி போதும். கை விரல்கள் ஒவ்வொன்றும் எப்படி அசைய விரும்புகின்றன என்று அறிய மாடி போதாது.

அப்படியானால் மனத்தில் நினைப்பதை எல்லாம் அது படித்துவிடுமா?

படிக்காது. இதுவரை வெற்றி கண்டவை பெரும்பாலும் உடலை அசைக்கும் கட்டளை பிறக்கும் பகுதியிலிருந்து எடுத்தவை. கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் அறுந்தவருக்குக் கை அசையாது. ஆனால் "கையைத் தூக்கு" என்ற கட்டளை மூளையில் இன்றைக்கும் பிறந்துகொண்டுதான் இருக்கிறது, இறங்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கருவி அந்தக் கட்டளையை அடைப்புக்கு மேலேயே பிடித்துக் கணினிக்குக் கொடுக்கிறது. அதனால் "நினைத்தால் நடக்கும்" என்பதைவிட "அசைக்க முயன்றால் நடக்கும்" என்பதே சரி. நேற்று மாமியாரைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்பது அங்கே கிடைக்காது.

ஆனாலும் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 2025-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாயை அசைக்க முயலாமல் உள்ளுக்குள் சொல்லிக்கொண்ட சொற்களையும் ஓரளவு பிரித்தறிய முடிந்தது. சொல்ல நினைக்காததும் வெளியே வந்துவிடக்கூடும் என்று அவர்களே அஞ்சி, பயனாளர் மனத்துக்குள் ஒரு கடவுச்சொல்லை நினைத்தால் மட்டும் கருவி கேட்கத் தொடங்கும்படி ஒரு பூட்டையும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். பூட்டின் தேவையை, கருவியைச் செய்கிறவர்களே முதலில் உணர்ந்தது எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது.

இதுவரை யாருக்காவது உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறதா?

ஆம், ஆனால் எண்ணிச் சொல்லக்கூடிய அளவு மனிதர்களுக்கு. கத்திக்குத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மேத்யூ நேகல் என்ற அமெரிக்க இளைஞருக்கு 2004-இல் யூட்டா தகடு வைக்கப்பட்டது. அவர் திரையில் மின்னஞ்சலைத் திறந்தார், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக் குறைத்தார். 2012-இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்தால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கைகால் அசையாமல் இருந்த ஒரு பெண் இயந்திரக் கையை மூளையால் இயக்கி, காபிக் குடுவையை எடுத்து உறிஞ்சுகுழலால் தாமே குடித்தார். 2021-இல், பேனாவால் எழுதுவதாக எண்ணிய ஒருவரின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையில் வந்தன. 2024-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்து ஆய்வாளர்கள், ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோயால் பேச்சு குழறிப்போன ஒருவர் சொல்ல முயன்ற சொற்களை 97 விழுக்காட்டுக்கும் மேல் சரியாக வெளிக்கொணர்ந்ததோடு, நோய்க்கு முந்தைய அவருடைய குரலைப் போலவே கணினியைப் பேசவும் வைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் நியூராலிங்கின் முதல் கருவி ஒருவருக்கு வைக்கப்பட்டது. அவர் சுட்டியை நகர்த்திச் சதுரங்கம் ஆடும் காட்சியைத்தான் நீங்கள் என்னிடம் காட்டுகிறீர்கள். சில வாரங்களில் அவருடைய மூளையிலிருந்து இழைகள் பல நழுவிவிட்டன என்பதையும், மிஞ்சியவற்றை வைத்துக்கொண்டு நிரலை மாற்றி எழுதிச் சமாளித்தார்கள் என்பதையும் அந்தக் காணொளி சொல்வதில்லை.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஒருவருக்கு, இயந்திரக் கை பொருளைத் தொடும்போது மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் மின்துடிப்புக் கொடுத்தார்கள். தொட்டது தெரிந்தவுடன், பொருளை எடுத்து வைக்க 20 விநாடி எடுத்துக்கொண்டவர் ஏறத்தாழ 10 விநாடியில் முடித்தார். குளிரில் மரத்துப்போன விரலால் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

எங்கள் குழந்தையின் காதில் வைத்ததும் மூளைச் சிப்தானா?

இல்லை, அது உட்காதின் நத்தை எலும்புக்குள் இருந்து செவி நரம்பைத் தூண்டுகிறது, மூளையைத் தொடுவதில்லை. செவி நரம்பே இல்லாத குழந்தைகளுக்கு மூளைத்தண்டிலேயே மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு, சென்னையில் செய்திருக்கிறார்கள். ஆயினும் மூளைக் கருவிகளின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அமெரிக்கக் காணொளியைவிட நம் வகுப்பறையை வந்து பார்க்கும்படிதான் நான் சொல்வேன். உலகில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காக்ளியர் கருவிகள் வைக்கப்பட்டுவிட்டன. நரம்போடு பேசும் கருவிகளில் மிகப் பழுத்தது இதுதான்.

செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 நார்கள் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்ய நாம் கொடுப்பது, கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். இது கிட்டத்தட்ட மோசடியான கணக்கு. ஆனால் குழந்தையின் மூளை அந்த ஓட்டைக் கணக்கை ஏற்றுக்கொண்டு, மாதக்கணக்கில் பழகி, அதிலிருந்து "அம்மா"வையும் "ஆமா"வையும் பிரித்தெடுக்கிறது. "ஸ்விட்ச் ஆன்" செய்யும் நாளில் பெற்றோர் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். குழந்தையோ பெரும்பாலும் அழும், அல்லது தலைக்கு வெளியே ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கி எறியும். அதற்குப் பின்தான் வேலையே தொடங்குகிறது. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று கணினியில் அளவு வைக்கும் "மேப்பிங்" பலமுறை நடக்கும். நான் என் வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு "ம்… ஊ… ஆ… ஈ… ஷ்… ஸ்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, குழந்தை ஒலி கேட்டவுடன் ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை அந்த ஆறு ஒலிகளில் அடங்கிவிடும். "ஸ்"ஸுக்கு மட்டும் பாசி விழாவிட்டால் எந்த மின்முனை வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூளைக் கருவியிலும் இதே கதைதான். இன்று கற்ற நிரல் நாளை சற்றுப் பிசகும். இழை அரை மயிர் அளவு நகர்ந்தாலும், அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்தாலும், சமிக்ஞை மாறும். மீண்டும் அளவு வைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை ஒரு நாள், மேப்பிங் வாழ்நாள் முழுவதும்.

தமிழில் பேச வைக்குமா? அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

இதைக் கேட்டவர் ஆரப்பாளையத்தில் தையல்கடை வைத்திருப்பவர். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே ஆழமானது இது.

பேச்சை மீட்கும் கருவிகள், சொல்லை அப்படியே பிடிப்பதில்லை. நாக்கு, உதடு, தாடை, குரல்வளை ஆகியவற்றை அசைக்க எழும் கட்டளைகளைப் பிடித்து, அவற்றிலிருந்து ஒலிகளை ஊகித்து, அந்த ஒலித்தொடருக்குப் பொருந்தும் சொல் எது என்று ஒரு மொழி மாதிரியை, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துச் சொற்களை ஊகிக்கக் கற்ற கணினி நிரலை, கேட்கின்றன. ஆங்கிலத்துக்கு 39 ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். தமிழுக்கு ல, ள, ழ மூன்றும் தனித்தனியே வேண்டும். நாக்கு மேலண்ணத்தைத் தொடும் அல்லது நெருங்கும் இடம் அவற்றில் மிகச் சிறிதே மாறுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டைப் பிடிப்பது கடினமா என்றால், எனக்கு அவ்வளவு அச்சம் இல்லை. கருவிக்கு முன்பே குழந்தைகள் அதைச் செய்கிறார்கள், அதுவும் 22 மின்முனைகளை வைத்துக்கொண்டு.

என் அச்சம் மொழி மாதிரியைப் பற்றியது. அது எந்தத் தமிழைப் படித்து வளர்ந்திருக்கும்? செய்தித்தாளையும் பாடநூலையும் படித்திருந்தால், அந்த அப்பா "எல்லாரும் வந்துட்டாய்ங்களா?" என்று கேட்க முயலும்போது திரையில் "அனைவரும் வந்துவிட்டார்களா?" என்று வரும். பொருள் சரிதான். ஆனால் ஆறு மாதமாகப் பேசாமல் கிடந்த மனிதர் முதல்முறையாகப் பேசும்போது வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினால், வீட்டில் உள்ளவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மதுரைப் பேச்சையும், நாகர்கோவில் பேச்சையும், யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மக்கள் வாயிலிருந்து பதிவுசெய்து வைப்பதை மொழியியல் ஆர்வமாக மட்டும் இதுவரை எண்ணியிருந்தேன். இப்போது அது மருத்துவத்துக்கான முன்னேற்பாடாகவும் தோன்றுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரிடம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், இரு மொழிக்கும் மூளையின் கட்டளைகள் பெரிதும் ஒத்திருந்ததும், ஒரு மொழியில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கும் உதவியதும் தெரியவந்தன. நாக்கு ஒன்றுதானே.

பேசாமல், எழுதுவதாக நினைத்தால் தமிழ் எழுத்து வருமா?

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், நமக்கு 247 என்று உடனே மலைக்க வேண்டியதில்லை. "கொ" என்பதைக் கை எழுதும்போது கொம்பு, ககரம், கால் என்று மூன்று அசைவுகளாகத்தான் எழுதுகிறது. அடிப்படை வடிவங்கள் சில பத்துகளே. மேலும், அந்த 2021 ஆய்வாளர்கள், நேர்கோட்டில் நகரும் அசைவுகளைவிட வளைந்து திரும்பும் எழுத்தசைவுகளைக் கருவி எளிதில் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். வளைவுக்கும் சுழிக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. இரண்டு சுழி "ன"வுக்கும் மூன்று சுழி "ண"வுக்கும் இடையே கருவி திணறும் என்பது என் ஊகம். பத்தாம் வகுப்பு மாணவர்களும் திணறுகிறார்கள்.

மகனுக்கு நீட் தேர்வுக்கு உதவுமா?

உதவாது. பாடத்தை மூளைக்குள் ஏற்றும் கருவி உலகில் எங்கும் இல்லை.

மாட்டின் மூளையில் வைத்து அடக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாலமேட்டுக்காரர் ஒருவர் கேட்டது. அவர் வீட்டில் காளை வளர்க்கிறார். நிகழ்ச்சி உண்மை. 1963-இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் ஹோசே டெல்காடோ என்ற மூளையியலாளர், மூளையில் மின்முனை வைத்த ஒரு சண்டைக் காளையின் முன்னே தாமே போய் நின்று, அது பாய்ந்து வரும்போது கையிலிருந்த வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்தினார், காளை நின்றுவிட்டது. காளையின் சினத்தை அணைத்துவிட்டதாக அவர் கருதினார். அப்படியல்ல, மின்துடிப்பு அதன் உடலை ஒரு பக்கமாகத் திரும்ப வைத்தது, அதனால்தான் ஓட்டம் தடைபட்டது என்று மற்ற அறிவியலாளர்கள் மறுத்தார்கள். எனக்கு மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. வாடிவாசலில் திமிலைப் பிடித்துத் தொங்கினால் காளை திரும்பும். அதன் கோபம் தீர்ந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. "மனத்தைக் கட்டுப்படுத்தும் கருவி" என்று இன்று பேசப்படுபவற்றிலும் உடலைத் தடுத்ததையும் மனத்தை மாற்றியதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போலீஸ் இதைப் போட்டு உண்மையை வாங்கிவிடுவார்களா?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஒரு பதில் தந்திருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், ஒருவருடைய இசைவு இல்லாமல் அவருக்கு மயக்க மருந்துச் சோதனையோ பொய் கண்டறியும் சோதனையோ மூளை மின்னலைச் சோதனையோ செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்பின் 20(3) பிரிவு அதற்கு அடிப்படை. மூளைத் தரவு கம்பெனிகளிடம் சேர்வது வேறு சிக்கல். தென்னமெரிக்காவின் சிலி 2021-இல் தன் அரசமைப்பிலேயே மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு எழுதிவைத்தது. 2024-இல் அமெரிக்காவின் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் தனியுரிமைச் சட்டத்தில் நரம்புத் தரவைச் சேர்த்தன. இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூளைத் தரவைத் தனியே பெயர் சொல்லிப் பேசவில்லை. மூளைக் கருவிகளுக்கு முன்னால், தியானத்துக்கு, தூக்கத்துக்கு என்று விற்கும், மூளை மின்னலையைப் பதியும் தலைப்பட்டைகள் உங்களிடம் வந்துவிடும். ஒப்புகைப் பெட்டியில் டிக் செய்வதற்கு முன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எங்கள் பெரியம்மாவுக்குக் கைநடுக்கம். "மூளைக்குப் பேஸ்மேக்கர்" என்று டாக்டர் சொன்னார். அது என்ன?

அது ஆய்வுக்கட்டத்தைக் கடந்த சிகிச்சை. பிரான்சின் கிரெனோபிளில் 1987-இல் அலிம்-லூயி பெனபித் தொடங்கிவைத்த ஆழ்மூளைத் தூண்டல் முறை, பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. மூளையின் ஆழத்தில் மின்முனை, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கும் வயர், காறை எலும்புக்குக் கீழே பேட்டரியோடு கூடிய கருவி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உட்பட இந்தியாவில் பல இடங்களில் செய்கிறார்கள். செலவு பல லட்சம். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி பழுதானால் யார் சரிசெய்வார்கள்?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, யாரும் கேட்பதில்லை.

மதுரைக்காரர்களுக்கு உடலுக்குள் கருவி வைப்பது புதிதன்று. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ய 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேபும் நம் ஊரில்தான் இருக்கின்றன. வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இங்கே லென்ஸ் கிடைத்ததால், கிராமத்துப் பாட்டிகளுக்கும் அது எட்டியது. "அதைப்போல மூளைச் சிப்பும் ஒருநாள் மலிவாகிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். விலை குறையலாம். ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது: லென்ஸுக்குப் பேட்டரி இல்லை, நிரல் இல்லை, வைத்தவர் கடையை மூடினாலும் பாட்டிக்குக் கண் தெரியும்.

மூளைக் கருவி அப்படியல்ல. அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் கொண்ட கருவியை வைத்தது. உலகில் 350-க்கும் மேற்பட்டவர்கள் வைத்துக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. மறு ஆண்டு மூடும் நிலைக்கே வந்துவிட்டது. பழுது பார்க்க ஆளில்லை, உதிரி இல்லை. அதற்கு முன்பே, 2013-இல், நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கருவி சில முறை "பீப்" என்று ஒலித்துவிட்டு நின்றுபோனது; கருவி இன்றும் அவர் கண்ணுக்குள் இருக்கிறது, வெளிச்சம் இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என்னிடம் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காயிலின் வயர் உள்ளுக்குள் அறுந்துவிட்டது. அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் வைத்த இம்பிளான்ட், அறுவைச் சிகிச்சைக்கு வீட்டார் ஒரு பைசா செலவழிக்கவில்லை. வயரைத் தங்கள் காசில் வாங்க வேண்டியிருந்தது. ஸ்டாக் இல்லை என்று விற்பனையாளர் இழுத்தடித்தார். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் வாயை மறைத்தால் என் கையைப் பிடித்து இழுத்தாள். புதிய வயர் வந்த பிறகு "ஷ்"ஷையும் "ஸ்"ஸையும் மறுபடி தொடக்கத்திலிருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எல்லாப் பெற்றோரிடமும் ஒரு வயரைக் கூடுதலாக வாங்கி அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலாவது வைத்திருக்கச் சொல்கிறேன். இரவில், காதில் மாட்டும் பிராசஸரை உலர்பெட்டிக்குள் வைக்கச் சொல்வதும் அதே கண்டிப்போடுதான். மதுரைச் சித்திரை வெயிலில் வியர்வை குடித்த மைக் அதிக நாள் வாழாது.

எனவே மூளைக் கருவிச் சோதனைக்கு யாராவது உங்களை அழைத்தால், இரத்தக்கசிவும் தொற்றும் வருமா என்று கேட்பதோடு, சோதனை முடிந்தபின் கருவியை எடுப்பீர்களா, விடுவீர்களா, விட்டால் பராமரிப்பது யார், பத்தாண்டுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். உண்மையான ஆய்வுச் சோதனையில் நோயாளியிடம் கருவிக்குப் பணம் கேட்க மாட்டார்கள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டீபன் ஹாக்கிங் சிப் வைத்துத்தானே பேசினார்?

இல்லை. அவருடைய கன்னத்தின் ஒரு தசை அசைவைக் கண்ணாடியில் பொருத்திய உணரி பிடித்துக் கணினிக்குச் சொன்னது. மூளைக்குள் எதுவும் வைக்கவில்லை.

சரி, எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கு என்ன செய்வது?

தையல்கடைக்காரரின் அப்பாவுக்கு அறிவும் காதும் தெளிவாக இருந்தன; வலக்கண் இமை மட்டும் சொன்னபடி கேட்டது. ஆகவே ஓர் அட்டை செய்தோம். 247 எழுத்தையும் எழுதினால் மாலை வரை இமைக்க வேண்டியிருக்கும் என்பதால், மேலே 18 மெய்யெழுத்துகளை மூன்று வரிசையாகவும், கீழே 12 உயிரெழுத்துகளை இரண்டு வரிசையாகவும் பெரிய எழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தோம். அருகில் இருப்பவர் "முதல் வரிசையா? இரண்டாவதா?" என்று கேட்டுவர, அவர் இமைத்தால் அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் போக வேண்டும். மெய் கிடைத்தவுடன் உயிர். "ச்" பிறகு "ஈ" என்றால் "சீ". செலவு நாற்பது ரூபாய்.

முதல் நாள் மருமகள் அட்டையைப் பிடித்தார், நான் எழுத்துகளைக் குறித்துக்கொண்டேன். ச், ஈ, ன், இ. மருமகள் "சீனியா? சீனி வேணுமா மாமா?" என்று கேட்க, இமைக்கவில்லை. மறுபடி தொடங்கினோம். க், அ, ம், ம், இ. ஆறு மாதமாக அந்த வீட்டில் அவருக்குக் காபியில் இரண்டு கரண்டிச் சீனி போட்டு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுவாரம் நான் போனபோது, அட்டையின் மேல் மூலையில் நாங்கள் எழுதியிருந்த "ஆமா", "இல்ல", "வலிக்குது" என்ற மூன்று சொற்களுக்குக் கீழே, மருமகள் மார்க்கரால் நான்காவதாக "சீனி" என்று சேர்த்திருந்தார்.